எத்தனை நாள் தங்கப்போகிறோம்? கிரீ வேட்டைக் குழுக்களின் குளிர்கால வீடுகள்

கனடா, கடுங்குளிர், பழங்குடி மக்கள் என்றதுமே இறுகிய பனியை அறுத்து அடுக்கிய இக்லூதான் பலருக்கும் நினைவுக்கு வரும். முதலில் அதை ஒதுக்கி வைத்துவிடுவோம். இக்லூ, மரமே இல்லாத வடகோடியில் வாழும் இன்யூட் மக்களுடையது. அங்கே காற்று பனியை அடித்து அடித்து இறுக்கி, கத்தியால் செங்கல் போல வெட்டி எடுக்கிற பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். நாம் பேசப்போகிற கிரீ என்ற பழங்குடி மக்கள் வாழ்வது அதற்குத் தெற்கே, ஊசியிலைக் காட்டுக்குள். காட்டில் மரங்கள் காற்றைத் தடுத்துவிடுவதால் பனி பொலபொலவென்று கிடக்கும், வெட்டினால் உதிர்ந்துவிடும், அதை வைத்துச் சுவர் எழுப்பவே முடியாது. ஆனால் அந்தப் பொலபொலப்புக்கும் ஒரு பயன் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கூம்பு வடிவக் கூடாரத்தைப் பார்த்ததும் 'டீப்பி' என்று சொல்லிவிடுகிறோம். அது புல்வெளியில் காட்டெருமையை நம்பி வாழ்ந்த லகோட்டா மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். கிரீ மக்களிலும் மேற்கே புல்வெளிக்குப் போய் எருமைத்தோல் கூடாரங்களில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை. நான் இங்கே சொல்லப்போவது ஜேம்ஸ் விரிகுடாவுக்குக் கிழக்கே, இன்றைய கியூபெக் மாகாணத்தின் வடபகுதிக் காட்டில் வாழும் கிரீ மக்களைப் பற்றி. வரைபடத்தில் ஹட்சன் விரிகுடாவின் அடியில் ஒரு வால் மாதிரி தொங்குகிறதே, அதுதான் ஜேம்ஸ் விரிகுடா. தங்கள் நிலத்தை அவர்கள் 'ஈயூ இச்சி' என்கிறார்கள், மக்களின் நிலம் என்று பொருள். கூம்புக் கூடாரத்துக்கு அவர்கள் மொழியில் பெயர் மீச்சுவாப்.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் வீடு புரியும். திரும்பிய பக்கமெல்லாம் ஏரி, ஆறு, சதுப்பு, நடுவில் கறுப்பு ஸ்ப்ரூஸ் மரக்காடு. மிஸ்டசினி என்ற ஒரு ஏரி மட்டுமே 2,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் ஏரிகள் உறைந்து கிடக்கும். மைனஸ் 30 டிகிரி என்பது அங்கே குளிர்கால வழக்கம், மைனஸ் 40-ம் வந்துபோகும். விவசாயத்துக்கு வழியே இல்லை. மூஸ், காரிபு என்ற பெரிய மான்கள், பீவர் (ஓடையில் அணை கட்டி வாழும் கொறிக்கும் விலங்கு), கரடி, முயல், ஏரி மீன், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூட்டம் கூட்டமாக வருகிற காட்டு வாத்து, இவைதான் உணவு. ஆனால் இவை எதுவும் ஓர் இடத்தில் நிறைய இருக்காது. ஒரு பீவர் குடும்பம் இந்த ஓடையில், அடுத்தது எங்கோ தள்ளி. அதனால் மனிதர்களும் பரவித்தான் வாழ வேண்டும். கோடையில் ஒரு பெரிய ஏரிக்கரையிலோ ஆற்று முகத்திலோ எல்லோரும் கூடுவார்கள். கோடை முடிகிற நேரத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழுவாகப் படகேறித் தங்கள் வேட்டை நிலத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருவது அடுத்த வருடம் ஏரி உருகிய பிறகு, ஜூன் மாதவாக்கில். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் ஹட்சன் விரிகுடா கம்பெனி (1670-ல் தொடங்கியது) ஆற்று முகங்களில் தோல் வியாபாரக் கிடங்குகளைப் போட்ட பிறகு, கோடைக் கூட்டம் அந்தக் கிடங்குகளைச் சுற்றி நடக்க ஆரம்பித்தது. குளிர்காலம் மட்டும் காட்டிலேயேதான் கழிந்தது.

சரி, வீட்டுக்கு வருவோம். இந்தக் குழுக்களுக்கு 'இதுதான் எங்கள் வீடு' என்று ஒரே ஒரு வடிவம் கிடையாது. கூம்பு உண்டு, நீளக் கூடாரம் உண்டு, மண்ணும் பாசியும் போர்த்திய மரவீடு உண்டு, பிற்காலத்தில் கித்தான் கூடாரமும் வந்தது. புதிதாகப் படிப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் தலைசுற்றும். ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும்: இங்கே எத்தனை நாள் தங்கப்போகிறோம்? ஒரு ராத்திரிக்கா, இரண்டு மூன்று வாரத்துக்கா, மூன்று மாதத்துக்கா? அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு உழைப்பைப் போடுவது, எவ்வளவு கனமாகக் கட்டுவது என்பதெல்லாம் முடிவாகும்.

மூன்று மாதத்துக்கான வீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குளிர்கால வீடு என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். அதன் பெயர் மிஹ்துகான். இலையுதிர் காலத்தில் வேட்டை நிலத்துக்கு வந்ததும் நல்ல இடம் பார்ப்பார்கள். நல்ல இடம் என்றால் நான்கு விஷயங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: காற்றுக்கு மறைவு, தண்ணீர், தரையில் விரிக்கப் பச்சைக் கிளைகள், எரிக்கக் காய்ந்த விறகு. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. பச்சை மரம் ஈரம், புகையும், சூடு தராது. கீழே விழுந்து கிடக்கிற மரமோ பனிக்கடியில் ஊறிப்போயிருக்கும். நின்றபடியே செத்துக் காய்ந்த மரம்தான் வேண்டும். சில வருடங்களுக்கு முன் காட்டுத்தீ பட்ட இடம் பக்கத்தில் இருந்தால் அது பெரிய பாக்கியம், நிற்கிற மரமெல்லாம் விறகு.

இடம் அமைந்ததும் கனமான கம்பங்களை நட்டு, உச்சியில் ஒன்றோடொன்று கோத்துச் சட்டம் போடுவார்கள். அந்தச் சட்டத்தின்மேல் பிளந்த மரங்களை நெருக்கமாகச் சாய்த்துக்கொண்டே சுற்றி வருவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தாலேயே செய்த கூம்பு மாதிரி இருக்கும். பிறகு மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள சந்துகளில் பாசியைத் திணிப்பார்கள். அதன்மேல் பாசியையும் புல்லோடு பெயர்த்த மண்ணையும் போர்த்துவார்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. தரை உறைந்துவிட்டால் மண்ணைப் பெயர்க்க முடியாது, பாசியும் கல்லாகிவிடும். ஆகவே குளிர் முற்றுவதற்குள் வீடு முடிந்தாக வேண்டும். (இந்தச் சதுப்புப் பாசியைப் பற்றி ஒரு வார்த்தை: நன்றாகக் காயவைத்தால் தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கைக்குழந்தைகளைச் சுற்றிக் கட்டும் பையில் இதைத்தான் நிரப்புவார்கள். நனைந்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைத்தால் போதும். சுவருக்கும் குழந்தைக்கும் ஒரே பொருள்!)

பிறகு பனி விழும். இங்கேதான் அந்தப் பொலபொலப்பான பனி வேலைக்கு வருகிறது. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்குக்குக் காற்றுதான். அசையாமல் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, கம்பளிக்குள் நமக்குக் கதகதப்பாக இருப்பதும் இதே காரணத்தால்தான். வீட்டைச் சுற்றி அடியில் பனியைக் குவித்து அணைத்துவிடுவார்கள். இப்போது வெளியிலிருந்து உள்ளே வந்தால் பனி, மண், பாசி, மரம் என்று நான்கு அடுக்குச் சுவர். வெளியே மைனஸ் 30-ல் மரங்கள் குளிரில் வெடிக்கிற சத்தம் கேட்கும்போது உள்ளே ஆட்கள் சாதாரண உடையில் உட்கார்ந்து வேலை பார்க்க முடிவதற்குக் காரணம் நடுவில் எரிகிற தீ மட்டும் இல்லை, இந்த அடுக்குகளும்தான்.

கூம்பு வடிவத்துக்கும் காரணம் உண்டு. சரிவில் பனி தங்காது, தங்கினாலும் எடை தரைக்கு இறங்கிவிடும். உச்சியில் புகை போக ஒரு வாய் விட்டிருப்பார்கள். சூடான புகை மேலே ஏறி வெளியே போகும்போது கீழிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும், அந்தக் காற்று இல்லாவிட்டால் தீ திணறிப் புகை கீழே இறங்கிவிடும். அடியில் முழுக்க அடைத்தால் புகை, திறந்துவிட்டால் குளிர். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைப் பிடிப்பது அனுபவம் மட்டுமே சொல்லித் தரும் விஷயம். எப்படியும் தலைக்கு மேலே கொஞ்சம் புகை மிதக்கும். அதனால் உள்ளே வாழ்க்கை முழுக்கத் தரையை ஒட்டியே நடக்கும்: உட்கார்வது, சமைப்பது, தைப்பது, தூங்குவது எல்லாம்.

அந்தத் தரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், எனக்கு இந்த வீடுகளில் மிகவும் பிடித்த பகுதி அது. தரையில் பலகை இல்லை, பாய் இல்லை, பச்சை ஊசியிலைக் கிளைகள்தான். பால்சம் ஃபர் அல்லது ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து முழங்கை நீளத்துக்குக் கிளை நுனிகளை ஒடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை இது. அள்ளிப் போட்டால் தரை ஆகிவிடாது. ஒவ்வொரு கிளையையும் வளைவு மேலே இருக்கும்படி பிடித்து, ஒடித்த காம்பு முனையைக் கீழே சொருகி, அதன்மேல் அடுத்த கிளையின் பசும் நுனி படியும்படி, கூரை வேய்வது போல வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ராத்திரி முதுகில் குத்தும். ஒழுங்காக விரித்த தரையில் கையை அழுத்தினால் மெத்தை மாதிரி அமுங்கி மீண்டும் எழும்பும். கிளைகளுக்கு நடுவில் அடைபட்ட காற்று கீழே இருக்கும் சில்லென்ற மண்ணுக்கும் உடம்புக்கும் இடையில் தடுப்பாக நிற்கும், சிந்தின தண்ணீர் கீழே இறங்கிவிடும், பிசின் வாசனை வீடு முழுக்க நிறைந்திருக்கும். ஊசிகள் காய்ந்து உதிர ஆரம்பித்தால் புதுக் கிளை கொண்டுவந்து விரித்துவிடுவார்கள், வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். விரித்த அன்றைக்கு வீடே புதிதாகிவிடும். கிரீ பெரியவர்கள் தங்கள் சிறுவயதைப் பற்றிப் பேசும்போது இந்த வாசனையைச் சொல்லாமல் விடுவது அபூர்வம்.

அந்தத் தரையின்மேல் கரடித்தோலோ காரிபுத்தோலோ விரித்து, முயல்தோல் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். முயல்தோலை நீளமான நாடாவாகச் சுற்றிச் சுற்றி அறுத்து, அந்த நாடாவைக் கயிறு மாதிரி முறுக்கி வலை பின்னுவது போலப் பின்னினால் அந்தப் போர்வை கிடைக்கும். பின்னலில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். ஆனாலும் அத்தனை கதகதப்பு, காரணம் மறுபடியும் காற்றுதான்.

ஒரே அறை, உள்ளே தடுப்புச் சுவர் இல்லை, அதில் மூன்று நான்கு குடும்பங்கள், பதினைந்து இருபது பேர். எப்படிச் சண்டை வராமல் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் இருந்தன என்பதுதான் பதில். வட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் பங்கு உண்டு, அவரவர் தோல்விரிப்பு, மூட்டை, கருவிகள் எல்லாம் அந்தப் பங்குக்குள்தான். இன்னொருவர் பங்கைக் கடந்து நடப்பது, அவர்கள் பொருளைத் தொடுவது எல்லாம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்கள். நடுவில் இருக்கும் தீ மட்டும் பொது. வேட்டையில் கிடைத்த இறைச்சியும் அப்படித்தான், யார் அடித்தாலும் எல்லாக் குடும்பத்துக்கும் போகும். குழுவுக்குத் தலைமை தாங்குகிறவர் அந்த நிலத்தை நன்றாக அறிந்த மூத்த வேட்டைக்காரர். எந்த ஓடையில் இந்த வருடம் பீவர் பிடிக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர்.

வீட்டின் வாசலைச் சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து வைப்பது வழக்கம். வீட்டுக்கு வெளியே, மரக்கிளைகளில் கரடியின் மண்டையோடு கட்டித் தொங்கும், மற்ற எலும்புகளை நாய் எட்டாத உயரத்தில் மேடை கட்டி வைத்திருப்பார்கள், பீவர் எலும்புகளைத் தண்ணீரிலேயே திரும்பப் போட்டுவிடுவார்கள். விலங்கு தன்னைத் தானே வேட்டைக்காரருக்குக் கொடுக்கிறது, அவமதித்தால் மறுமுறை வராது என்பது அவர்கள் நம்பிக்கை. முகாமைச் சுத்தமாக வைத்திருப்பதையும் இந்த மரியாதையோடு சேர்த்தே அவர்கள் பார்க்கிறார்கள்.

இனி மற்ற வீடுகள். குளிர்காலத்தின் பிற்பாதியில் பக்கத்தில் உள்ள பீவரும் விறகும் குறைந்துவிடும். அப்போது முகாமை நகர்த்த வேண்டும். மிஹ்துகானைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, போகிற இடத்தில் பாசி பெயர்த்துப் புதிதாகக் கட்டவும் முடியாது, தரை கல்லாகக் கிடக்கிறது. இங்கே மீச்சுவாப் வருகிறது. பனியில் புதையாமல் நடக்க அணிகிற அகலமான பனிக்காலணியைக் கழற்றி அதையே மண்வெட்டி மாதிரி பிடித்து, வட்டமாகப் பனியை வாரித் தள்ளுவார்கள். வாரின பனி சுற்றிலும் கரையாக நின்று காற்றைத் தடுக்கும். நடுவில் மெல்லிய கம்பங்களைக் கூம்பாக நிறுத்தி, மேலே போர்வையைச் சுற்றிவிட்டால் வீடு. முன்பு அந்தப் போர்வை காரிபுத்தோல், இல்லாவிட்டால் ஸ்ப்ரூஸ் வேரால் தைத்த பிர்ச் மரப்பட்டை. பட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். பிறகு வியாபாரக் கிடங்குகளில் கித்தான் கிடைக்க ஆரம்பித்ததும் அதற்கு மாறிவிட்டார்கள். கிளம்பும்போது போர்வையை மட்டும் சுருட்டி, முன்பக்கம் சுருண்ட தட்டையான சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். கம்பங்களை அங்கேயே ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிடுவார்கள், அடுத்த முறை வருகிறவர்களுக்கு, அது அவர்களாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.

நிறையப் பேர் சேர்ந்தால் கூம்பை இழுத்து நீட்டிவிடுவார்கள். அதுதான் ஷாப்துவான். உச்சியில் நீளமாக ஓர் உத்தரம், இரண்டு பக்கமும் சாய்ந்த கம்பங்கள், இரண்டு முனையிலும் வாசல், உள்ளே வரிசையாக இரண்டு மூன்று தீ. இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் வெளியேறலாம். விருந்து, சடங்கு, பல குடும்பங்கள் கூடுகிற நேரம், இதற்கெல்லாம் ஏற்றது. பயணத்தின் நடுவில் ஒரே ஒரு ராத்திரி என்றால் இது எதுவும் தேவையில்லை, சாய்ப்பாக ஒரு மறைப்பு, கீழே கிளை, எதிரே தீ, அவ்வளவுதான். உழைப்புக்கும் நாளுக்கும் உள்ள கணக்கு எப்போதும் நேராக இருந்தது.

அந்தக் கணக்கை மாற்றியது தகர அடுப்பு. திறந்த தீ நிறைய விறகு தின்னும், பாதிச் சூடு புகையோடு மேலே போய்விடும். குழாய் வைத்த தகர அடுப்பு கைக்கு அடக்கமானது, சறுக்குப் பலகையில் ஏற்றிவிடலாம், கொஞ்சம் விறகிலேயே கித்தான் கூடாரத்தைச் சில நிமிடங்களில் சூடாக்கிவிடும், புகையும் இல்லை. அதனால் நேர்ச்சுவர் கொண்ட கித்தான் கூடாரமே குளிர்காலத்துக்குத் தாங்க ஆரம்பித்தது. நீண்ட நாள் முகாமில் இடுப்பளவுக்கு மரச்சுவர் எழுப்பி, சந்துகளில் பழையபடி பாசி அடைத்து, மேலே மட்டும் கித்தானைப் போட்டார்கள். தீ அடுப்புக்குள் போனதும் வட்டம் சதுரமானது. ஆனால் தரையில் விரிக்கும் கிளை மாறவில்லை, இன்றைக்கும் கிரீ வேட்டை முகாம்களில் அதைப் பார்க்கலாம்.

வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் உள்ள வாசலை இவர்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பதற்கு ஒரு சடங்கைச் சொல்ல வேண்டும். நடக்கப் பழகிய குழந்தை, சடங்கு முடியும்வரை கூடார வாசலைத் தாண்டித் தன் காலால் வெளியே நடக்கக் கூடாது, தூக்கிக்கொண்டுதான் போவார்கள். ஒரு நாள் விடியற்காலையில், புத்தாடை உடுத்தி, பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள, குழந்தை முதன்முறையாக வாசலைத் தாண்டி உதிக்கும் சூரியனை நோக்கி நடக்கும். பாதையில் கிளைகள் விரித்திருக்கும், முடிவில் ஒரு சிறு மரம். ஆண் குழந்தை கையில் பொம்மைத் துப்பாக்கி, பெண் குழந்தை கையில் சின்னக் கோடாலி. ஆண் பிள்ளை 'வேட்டையாடிய' வாத்தையும் பெண் பிள்ளை விறகையும் கிளையையும் சுமந்துகொண்டு மரத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்குள் திரும்பி வந்து பெரியவர்களிடம் கொடுக்கும். எல்லோரும் முத்தம் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். பிறகு விருந்து. இன்றும் இது நடக்கிறது.

1971-ல் கியூபெக் அரசு இந்த நிலத்தில் மாபெரும் நீர்மின் திட்டத்தை அறிவித்தது, கிரீ மக்களிடம் கேட்காமலேயே. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973 நவம்பரில் தடை கிடைத்தது, சில நாளிலேயே மேல்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 1975-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அணைகள் எழும்பின, குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பங்களைச் சாய்த்து வைத்துவிட்டுப் போன முகாம்களில் பல தண்ணீருக்கடியில் போயின. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். அதே ஒப்பந்தத்தில் ஒரு நல்ல ஏற்பாடும் வந்தது: வருடத்தில் பல மாதங்களைக் காட்டில் வேட்டையாடிக் கழிக்கிற குடும்பங்களுக்கு வருமானப் பாதுகாப்பு. அதனால்தான் பலர் இன்னமும் குளிர்காலத்தில் முகாமுக்குப் போக முடிகிறது.

ஊஜே-பூகுமூ என்ற கிரீ ஊரின் கதையும் இதோடு சேர்ந்தது. சுரங்க வேலைகளுக்காக அந்த மக்கள் பலமுறை இடம் மாற்றப்பட்டுச் சிதறிப்போனவர்கள். 1989-ல் கியூபெக் அரசோடு உடன்பாடு ஏற்பட்டதும் தங்களுக்கென்று புதிதாக ஓர் ஊர் கட்டிக்கொண்டார்கள். வடிவமைத்தவர் டக்ளஸ் கார்டினல், தலைநகர் ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கனடா வரலாற்று அருங்காட்சியகத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். ஊரின் நடுவில் ஒரு ஷாப்துவான், சுற்றிலும் கூம்புக் கூடாரத்தை நினைவுபடுத்தும் சரிவான கூரைகள் கொண்ட கட்டடங்கள். மரம் அறுக்கும் ஆலையிலிருந்து வரும் மரத்தூளை ஒரே இடத்தில் எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். நடுவில் ஒரு தீ, சுற்றி எல்லோருக்கும் சூடு.

இப்போது கிரீ ஊர்களில் மின்சார விளக்கு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ள வீடுகளின் பின்புறத்தில் கித்தான் போர்த்திய மீச்சுவாப் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். சமைப்பதற்கு. வசந்தத்தில் வாத்து வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு எல்லோரும் வேட்டைக்குப் போவார்கள். கிடைத்த வாத்தைச் சுத்தம் செய்து, ஒரு கயிற்றில் கட்டி, கூடாரத்தின் குறுக்குக் கம்பிலிருந்து தீக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் கிளைத் தரையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் பாட்டி. கையிலிருக்கிற குச்சியால் வாத்தை லேசாக ஒரு தள்ளு தள்ளினால் கயிறு முறுக்கிக்கொண்டே போய், நின்று, பிறகு எதிர்ப்பக்கம் அவிழ்ந்து சுற்றும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகும். கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கீழே வைத்த சட்டியில் விழும். சுற்றுவது நின்றதும் இன்னொரு தள்ளு.